வெல்லத் தண்ணீரும் வெறுந் தண்ணீரும்

அவர் யாரையும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டதில்லை. "எத்தினி தபா?" என்றுதான் கேட்பார்.

காலையில் கேட்டால் பதில் சொல்வது சுலபம். பொழுது ஏற ஏறக் கஷ்டம். சாயங்காலம் அவர் எதிரே வந்தால் பூந்தமல்லிக் கடைத்தெருவே உதட்டைத் துடைத்துக்கொள்ளும். வடைச் சட்டிக்கு முன்னால் நிற்கிறவர்கள் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோவார்கள். முதுகில் எண்ணெய் இறங்கும். முகத்தில் மட்டும் பக்தி. அவர் நின்று, மூக்கை ஒருமுறை உயர்த்தி, எல்லாம் தெரிந்துகொண்டு, "அது வடை இல்ல நைனா. உன் ஆயுசுல ஒரு நாளு. எண்ணெய்ல போட்டுப் பொரிச்சு உங்கையிலயே குடுத்துகிறான்" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்குப் பிறகும் வடை ருசிக்கத்தான் செய்தது. ஆனால் கடைசி வாய் தொண்டையில் இறங்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமையையோ புதன்கிழமையையோ விழுங்குகிற மாதிரி இருக்கும்.

அவருடைய சித்தாந்தம் சின்னது, உள்ளங்கையில் அடங்கும். பிறக்கும்போதே ஒவ்வோர் உயிருக்கும் இத்தனை மூட்டை என்று கட்டி வைத்திருக்கிறது. சீக்கிரம் தின்றால் சீக்கிரம் மூட்டை காலி. மூட்டை காலியானால் ஆள் காலி. ஆகவே அவர் ஒரு பொழுதுதான் உண்பார். உச்சிவெயிலில் ஒரு கேழ்வரகுக் களி உருண்டை, ஒரு செம்பு மோர். சூரியன் அந்தப் பக்கம் ஒரு முழம் சாய்ந்துவிட்டால் மறுநாள் உச்சிவரை ஒரு பருக்கை உள்ளே போகாது. உடம்பும் அதற்குத் தக்கபடி தன்னைச் செதுக்கிக்கொண்டிருந்தது. ஆணியில் மாட்டின சட்டைக்குள் யாரோ நிற்கிறாற்போல நிற்பார். கழுத்தில் ஒரு எலும்பு பேச்சுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும். நடை மட்டும் வேகம். கண்கள் மட்டும் நன்றாகச் சாப்பிட்டவை.

நூம்பலில் ஒரு பெரியவர் எண்பத்திரண்டு வயதில் காலமானார். துக்கம் விசாரிக்க நானும் அவரும் போயிருந்தோம். பிள்ளைகள் நாலு பேரும் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். இவர் மூத்தவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார், அப்பா தினம் எத்தனை தடவை சாப்பிடுவார் என்று. மூன்று தடவை என்றான் அந்த மனிதன், அழுதுகொண்டே. இவர் கண்களை மூடி மனசுக்குள் பெருக்கினார். "அடடா" என்றார். "ஒருபொழுதோட நிறுத்தியிருந்தா எரநூத்தி நாப்பத்தாறு வயசு இருந்திருப்பாரே." அந்த வீட்டில் அடுத்த பத்து நாளைக்கு எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம் அது. பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பற்றி அறிய சர்க்கார் பூந்தமல்லியில் ஓர் ஓட்டுக் கொட்டகை போட்டிருந்தது. அதில் இரண்டே பேர். பூச்சி பிடிப்பது, வளர்ப்பது, எண்ணுவது அவர் வேலை. அவர் எண்ணிச் சொன்னதை மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்து எழுதுவது என் வேலை. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, எப்போதும் பசி. ஒரு பட்டினிக்காரர் பக்கத்தில் என்னை உட்காரவைத்தது யார் குறும்போ தெரியாது. கடைத்தெருவில் அவரைப் பூச்சி நைனா என்பார்கள். நான் அண்ணாத்தே என்பேன்.

கொட்டகையில் நீள மேசை ஒன்று. அதன் நாலு காலும் தண்ணீர்த் தகரங்களுக்குள் நிற்கும். எறும்பு ஏறாமல் இருக்க. மேசைமேல் வரிசையாக அரிக்கேன் விளக்கின் கண்ணாடிச் சிம்னிகள். கீழ்வாயும் மேல்வாயும் மல் துணியால் கட்டியிருக்கும். அவைதான் கூண்டுகள். விளக்கு எரிய வேண்டிய இடத்தில் அந்துப்பூச்சிகள், ஆணும் பெண்ணுமாக இரண்டு, இறக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காலை வெளிச்சம் கிழக்குச் சன்னல் வழியாக வந்து அத்தனை கண்ணாடியிலும் ஒரே நேரத்தில் நுழையும்போது, அந்தக் கொட்டகை தன்னைக் கோயில் என்று நினைத்துக்கொள்ளும். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வருவார்.

முதலில் வந்தது நெல் குருத்தைத் துளைக்கிற பூச்சி. புழுவாக நெல் தண்டுக்குள் கிடந்து, நடுக்குருத்தைக் காய வைத்து, ஒருநாள் இறக்கை கட்டிக்கொண்டு வெளியே வரும். பெண் அந்து மஞ்சள் நிறம். இறக்கைக்கு ஒன்றாக மைப்பொட்டு. திருஷ்டிக்கு வைத்தாற்போல. அவர் தேனில் பஞ்சைத் தோய்த்துத் தொங்கவிட்டார். மஞ்சள் அந்து அந்தப் பஞ்சின்மேல் ஏறி, தேனில் கால் நனைய நடந்து, அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என் பேனாவில் மை காய்ந்துபோயிற்று.

"நாக்கே இல்ல நைனா" என்றார்.

உண்மைதான். அந்தப் பூச்சிக்கு இறக்கை வந்த பிறகு உண்கிற வாய் கிடையாது. சில நாள் வாழ்கிறது; கூடுகிறது, முட்டையிடுகிறது, போய்விடுகிறது. ஒரு துளி கேட்பதில்லை. அவருக்கு அன்று குலதெய்வம் கிடைத்துவிட்டது. ஒரு சிம்னியைக் கையில் ஏந்திக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். வடைக் கடைக்காரனுக்குக் காட்டினார். துணிக்கடைக்காரருக்குக் காட்டினார். திருவள்ளூர் வண்டிக்கு நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பிள்ளை பெறுகிற மகராசி என்று அதை அறிமுகம் செய்தார். ஜனங்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி கும்பிட்டே விட்டாள்.

சிம்னியை அப்படியே வீட்டுக்கும் கொண்டுபோய் மனைவிக்குக் காட்டினார். அங்கேதான் வினை.

அந்த அம்மாள் மேனாம்பேட்டில் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம். அவர் சாப்பிடாதே என்று சொன்னவரில்லை, அவ்வளவு கெட்டவரில்லை. ஆனால் வீட்டுக்கு வாங்கி வருவது கேழ்வரகும் மோரும். அடுப்பு எரிவது ஒருபொழுது. பக்கத்து வீட்டுக்காரிகள் முந்தானைக்குள் மறைத்துக் கொடுத்த கருவாட்டுத் துண்டுகளோடு அவள் குடித்தனம் நடந்தது. அந்த மூன்று வருஷத்தில் ஒருமுறை வயிற்றில் ஏதோ தங்கியது. மூன்றாம் மாதமே தங்காமல் போயிற்று. மருத்துவச்சி போகும்போது அவரை வாசலில் நிறுத்தி, பெண்ணுக்கு நன்றாக ஆக்கிப் போடச் சொன்னாளாம். அவர் மருத்துவச்சிக்கு மூட்டைக் கதை சொன்னாராம்.

அன்று நான் அவர் வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் சிம்னியை உயர்த்திப் பிடித்து, இதோ பார், ஒன்றும் தின்னாமலே எத்தனை முட்டை என்று சொன்னார். அவள் கிட்டே வந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். நெல்லுக்காரர் மகள், அடையாளம் தெரிந்துவிட்டது.

"இத்த எனுக்குத் தெரியாதா?" என்றாள். "இது புழுவா கீறப்பவே எங்கப்பன் நெல்ல குருத்தோட தின்னுட்டு வந்துகீது. வவுறு ரொம்பி, றெக்க மொளச்சதுக்கு அப்பால வாய மூடிகினு நல்ல பேரு வாங்குது. நீ எப்போய்யா தின்ன? நான் எப்போ தின்னேன்?"

அவர் சிம்னியைப் பார்த்தார். அவள் அதே வாரம் அப்பன் வீட்டு மாட்டுவண்டியில் ஏறி மேனாம்பேட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்னது ஒன்றுதான். இந்த வீட்டில் மூன்று வேளை அடுப்பு எரிந்தால் ஆள் அனுப்பு, வருகிறேன்.

அதற்குப் பிறகு அவர் மனைவியைப் பற்றிப் பேசவே இல்லை. நான் அம்பத்தூர்க்காரன், சனிக்கிழமைதோறும் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறவன், மேனாம்பேட்டைத் தாண்டித்தான் போவேன். திங்கட்கிழமை காலையில் வந்ததும் கேட்பார், அந்தப் பக்கம் மழையா என்று. சித்திரை வெயிலிலும் கேட்பார். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, மாடுகள் சுகமா, அந்தத் தெருவில் யாராவது நின்றார்களா. நின்றார்கள் என்பேன். இளைத்திருக்கிறார்களா என்பார். இல்லை அண்ணாத்தே, கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறார்கள் என்பேன். அப்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவரே திருட்டுச் சொத்தாக நினைத்து உடனே ஒளித்து வைப்பார்.

ஆள் அனுப்பத்தான் மனம் வரவில்லை. அனுப்பினால் மூட்டை பொய். மூட்டை பொய்யானால் பதினோரு வருஷத்துப் பட்டினி பொய். அதைவிட, அந்த மூன்றாம் மாதத்துக்கு யார் பதில் சொல்வது? இதையெல்லாம் அவர் சொன்னதில்லை. களி உருண்டையை அவர் உருட்டுகிற வேகம் குறைந்துகொண்டே வந்ததை வைத்து நானாகத் தெரிந்துகொண்டது.

இந்த நிலைமையில்தான் மேலிடத்திலிருந்து ஒரு காரியம் வந்தது. சென்னீர்குப்பத்துத் தோட்டங்களில் ஆமணக்கு இலையைச் சல்லடையாக்கிவிட்டு, கத்திரிக்கும் மிளகாய்க்கும் இறங்குகிற புழு ஒன்று உண்டு. அதன் அந்து வரப்பில் பூக்கிற செடிகளில் தேன் குடிக்கிறது என்று தோட்டக்காரர்கள் சொல்கிறார்கள். குடிப்பதால் அதற்கு ஆயுசு கூடுகிறதா, முட்டை கூடுகிறதா, பார்த்து எழுதவும். கூடுகிறது என்றால் வரப்புப் பூவை அறுக்கச் சொல்லலாம். பாதிக் கூண்டுக்கு வெறுந் தண்ணீர், பாதிக்கு வெல்லத் தண்ணீர்.

அவர் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். சர்க்கார் அவர் வீட்டு வழக்கைத் தானே எடுத்து நடத்துகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "எழுதிக்க நைனா" என்றார். "வெல்லம் குடிக்கிறது சீக்கிரம் சாவும். தண்ணி குடிக்கிறது நின்னு வாழும்." இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே அண்ணாத்தே என்றேன். நீ எழுதாவிட்டாலும் அதுதான் நடக்கும் என்றார்.

நாங்கள் சென்னீர்குப்பத்து மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கி வந்தோம். ஒரு வாரம் போல ஈர மண்ணில் கிடந்தன, பேரீச்சங்கொட்டை மாதிரி. ஒரு திங்கள் காலை வெடித்துக்கொண்டு வெளியே வந்தன. பழுப்பு இறக்கை, அதில் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கீறல்கள், அவசரத்தில் எழுதின விலாசம் போல. பெண்ணும் ஆணுமாக ஜோடி சேர்த்துச் சிம்னிகளில் விட்டோம். அவர் வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, பஞ்சை நனைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டார். மறுபாதிக்கு வெறுந் தண்ணீர்ப் பஞ்சு.

அந்தி சாய்கிற நேரம். வெல்லக் கூண்டில் ஒரு அந்து பஞ்சை நோக்கி நடந்தது. முகத்துக்கு அடியில் கடிகார வில் மாதிரிச் சுருண்டிருந்தது அதன் நாக்கு. அது பிரிந்தது. மெல்ல, மயிரிழை மயிரிழையாக, ஒரு சாமந்தி இதழ் நிமிர்கிற நிதானத்தில் நீண்டு, பஞ்சைத் தொட்டது. தொட்டதும் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். பிறகு அசையாமல் குடித்தது. இறக்கை ஓரம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவர் கழுத்தெலும்பு ஒருமுறை ஏறி இறங்கியது. நான் பார்க்காத மாதிரி மைக்கூட்டை மூடினேன்.

நாட்கள் போயின. காலையில் முட்டை எண்ணுவோம். அந்தப் பெண் பூச்சி முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வயிற்று மயிரையே பிய்த்து மேலே போர்த்திவிடும். பழுப்பு வெல்வெட் துணுக்குப் போல இருக்கும். தன் தோலைக் கொடுத்துப் பிள்ளைக்குக் கம்பளி. பிறகு அவர் கூண்டுத் துணிகளை அவிழ்த்து அலசுவார். வேறு துணி கட்டுவார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. முடிவும் வந்தது.

வெறுந் தண்ணீர்ப் பூச்சிகள் சாகவில்லை. வெல்லம் குடித்தவை வாழ்ந்த அளவுக்கே ஏறக்குறைய அவையும் வாழ்ந்தன. முட்டையும் கொஞ்சம்தான் குறைச்சல்.

அவர் துள்ளவில்லை. அது அவர் சுபாவமில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, என் பேனாவை வாங்கி, மனைவிக்குக் கடிதம் எழுதினார். மூன்றே வரி. குடித்ததும் குடிக்காததும் ஒன்றாகவே வாழ்ந்தன. சர்க்கார் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆகவே கோபத்தை விட்டு வீடு வந்து சேரவும். அன்று சனிக்கிழமை. கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்து, பையை இரண்டு தட்டுத் தட்டினார்.

நான் வண்டியைக் கிளப்பினேன். சென்னீர்குப்பம் தாண்டி, நூம்பல் தாண்டி, வேலப்பன்சாவடியில் ஒரு மசால்வடைக் கடை. எந்தச் சனிக்கிழமையும் அதைத் தாண்டி என் சைக்கிள் போனதில்லை. மூன்றாவது வடையில் இருந்தேன். தூரத்தில் சாலைப் புழுதிக்குள் ஒரு வேட்டி ஓடி வந்தது. உள்ளே ஆள் இருப்பது கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. அவர். பூந்தமல்லியிலிருந்து ஓடி வந்திருக்கிறார், உச்சிக் களியைக்கூடத் தொடாமல். வடையை மறைக்க எனக்கு நேரமில்லை. அவர் வடையைப் பார்க்கவே இல்லை.

"லெட்டரக் குடு."

"இன்னா அண்ணாத்தே, இன்னா ஆச்சி?"

"எறும்பு" என்றார்.

கடைப் பலகையில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நான் போன பிறகு துணி காயப்போட்ட கயிற்றைப் பார்த்திருக்கிறார். கயிறு நெடுக எறும்புச் சாரி. வெல்லக் கூண்டுத் துணியில் எறும்பு இருந்தால் ஞாயம். வெறுந் தண்ணீர்க் கூண்டுத் துணியிலும் அதே சாரி, அதே சுறுசுறுப்பு. ஒரு துணியை நக்கிப் பார்த்திருக்கிறார். இனித்தது.

தண்ணீரையும் அளந்து செலவழிக்கிறவர் அவர். அதிகம் தின்பது போலவே அதிகம் இறைப்பதும் அவருக்குப் பாவம். அதனால் எல்லாக் கூண்டுத் துணிகளையும் ஒரே வட்டிலில், ஒரே தண்ணீரில் அலசியிருக்கிறார். வெல்லப் பஞ்சு சொட்டின துணியிலிருந்த இனிப்பு அத்தனை துணிக்கும் பங்காகியிருக்கிறது. வெறுந் தண்ணீர்ப் பூச்சிகள் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கூரையை நக்கி வாழ்ந்திருக்கின்றன. அவர் பட்டினி போட்டதாக நினைத்த வீட்டில், அவருக்குத் தெரியாமல், அவர் கையாலேயே சாப்பாடு நடந்திருக்கிறது.

எறும்பை நான் பார்க்கவில்லை. மேலிடத்துக்காரர் பார்க்கப் போவதில்லை. மேனாம்பேட்டுக்காரி பார்க்கவே முடியாது. இதைச் சொன்னேன். கடிதம் கையில் இருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரத்தில் அவளிடம் போய்விடும், அவள் ஒருவேளை வந்தும்விடுவாள் என்றேன்.

"வந்துட்டா?" என்றார். "அதுக்கப்பால தெனம் அவ மூஞ்சியப் பாக்கணுமே நைனா."

கடிதத்தைக் கிழித்தார். துண்டுகளைக் கடை அடுப்பில் போட்டார். அதில் எனக்கு நாலாவது வடை வெந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா என்று நினைத்தேன், தைரியம் வரவில்லை. சூரியன் சாய்ந்திருந்தது. அன்றைக்கு அவருக்கு அந்த ஒரு பொழுதும் இல்லை. நடந்தே திரும்பிப் போனார்.

மறுபடி மண் கிளறினோம். மறுபடி கூட்டுப்புழு, மறுபடி ஒரு திங்கள். இந்த முறை இரண்டு வட்டில், இரண்டு கயிறு, கொட்டகையின் இந்தக் கோடியில் ஒன்று அந்தக் கோடியில் ஒன்று. தண்ணீர்த் துணியை அவரே தினமும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டுவார். கோயில் பிரசாதம் போலக் கண்ணை மூடிக்கொண்டு.

திங்கட்கிழமை பிறந்த வெறுந் தண்ணீர்ப் பூச்சிகள் வெள்ளிக்கிழமையைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகச் சிம்னித் தரையில் கிடந்தன, இறக்கை விரிந்து. அவை இட்ட முட்டைகளும் அங்கொன்றும் இங்கொன்றுமாக, மேலே போர்த்தின மயிரும் நைந்த துணி மாதிரி. பாதிக்கு மேல் பொரியவே இல்லை. வெல்லத் தண்ணீர்ப் பூச்சிகள் அடுத்த திங்கட்கிழமையும் பறந்துகொண்டிருந்தன. சிம்னிச் சுவரில், துணியில், நூலில்கூட அடை அடையாக முட்டை. ஒவ்வொன்றின்மேலும் தடித்த பழுப்புக் கம்பளி.

அவர் எண்ணினார். நான் எழுதினேன். ஒரு காலை எண்ணிக்கையை நடுவில் நிறுத்திவிட்டார். ஒரு வெறுந் தண்ணீர்க் கூண்டுப் பெண் பூச்சி இட்ட சின்னத் திட்டின்மேல் பூதக்கண்ணாடி நின்றது. போர்த்துவதற்கு மயிர் போதாமல் பாதி முட்டைகள் அம்மணமாகக் கிடந்தன. "இருந்ததத்தான் குடுத்துகீது பாவம்" என்றார். மேலிடத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினோம். அதற்கு அடுத்த சனிக்கிழமை என் சைக்கிளின் பின்சட்டத்தில் அவர் ஏறி உட்கார்ந்துகொண்டார், மடியில் எங்கள் பூச்சிப் புத்தகத்தோடு. மிதிக்கிறபோது கனமே தெரியவில்லை. இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன், விழுந்துவிட்டாரோ என்று.

மேனாம்பேட்டில் அவள் வீட்டுப் பின்பக்கம், கிணற்றடியில் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏரி விரால். ஒரு சட்டி நிறைய, இன்னும் ஒன்றிரண்டு துள்ளிக்கொண்டிருந்தன. சாம்பலில் புரட்டி அரிவாள்மணையில் செதில் சீவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். கையை நிறுத்தவில்லை. "வா தம்பி" என்றாள் எனக்கு மட்டும். உள்ளே அம்மியில் மிளகாய் அரைபடுகிற சத்தம்.

அவர் நின்றபடியே புத்தகத்தைப் பிரித்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இலாகாக் குரலில், படித்தார். இந்தத் தேதியில் பிறந்தவை இத்தனை, தண்ணீர் மட்டும் கொடுக்கப்பட்டவை இந்தக் கிழமை வரையில், வெல்லத் தண்ணீர் கொடுக்கப்பட்டவை அந்தக் கிழமை வரையில். முதல் பக்கம் முடிந்தது. புரட்டினார். அடுத்த பக்கம் முட்டைக் கணக்கு. எத்தனை இட்டது, எத்தனை பொரிந்தது, எத்தனை பொரியாமல் போயிற்று. அது எனக்குத் தெரியும், நான் எழுதியது.

அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தெலும்பு ஏறியது, இறங்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டார்.

செதில் சீவுகிற சத்தம் நின்றது.

"மீதி?" என்றாள்.

"அத்தப் படிக்க வேணாம்" என்றார்.

அவள் கையிலிருந்த மீனைத் தண்ணீரில் போட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தபோது கண் சிவந்திருந்தது. குரலில் மட்டும் பழைய கூர்மை.

"மூணு வருசம் நான் சொன்னேன். உங்காதுல ஏறல. பூச்சி செத்து சொன்னா ஏறுதா?"

"பூச்சி பொய் சொல்லாதும்மே..."

"நான் சொன்னது பொய்யா?"

இலாகாக் குரல் போயிற்று. புத்தகத்தை என் கையில் கொடுத்தார். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "இல்ல" என்றார். "நீ சொன்னது நெசம். அப்பவே நெசம்." கொஞ்சம் பொறுத்து, "ஊட்டுக்கு வா. மூணு வேளையும் எரியும்" என்றார்.

"இன்னிக்கு வரமாட்டேன்."

அவள் அடுத்த விராலை வாலைப் பிடித்து எடுத்துச் சாம்பலில் போட்டாள்.

"எங்கம்மா மொளகா அரச்சிகினு கீது. ஊடே மணக்குது. இத்த உட்டுட்டு உம்பின்னாடி வந்து மோரு குடிக்கணுமா? நாளிக்கி வரேன்."

அவர் தலையாட்டினார். போய்விடுவார் என்று நினைத்தேன். சைக்கிள் பக்கம் ஓர் அடி வைக்கவும் வைத்தார். நின்றார். அம்மியின் சத்தம் வந்துகொண்டிருந்தது, காய்ந்த மிளகாயும் தனியாவும் புளியும் சேர்ந்த நெடி கிணற்றடிவரை வந்துகொண்டிருந்தது. சூரியன் ஏரிக்கரைப் பனைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. அந்த நேரத்தில் பதினோரு வருஷமாக அவர் வாயில் ஒன்றும் போனதில்லை. யாரிடமும் ஒன்று கேட்டதுமில்லை. கேட்கத் தெரியாதவர் கேட்கிற மாதிரி, பாதி என்னிடமும் பாதி கிணற்றிடமுமாகக் கேட்டார்.

"எனுக்குக் கொஞ்சம்... கெடைக்குமா?"

அவள் நிமிரவில்லை. அரிவாள்மணையில் மீனை வைத்தவள், கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"தலையா, நடுத்துண்டா?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். எது ருசி என்று அவருக்குத் தெரியவில்லை.